கேஸ் தீராத வீடு

சாந்தியாகோ
10 ஏப்ரல் 1983

அன்புள்ள ரமீரோவுக்கு,

உன் கடிதமும் மணியார்டரும் ஒரே நாளில் வந்தன. நாங்கள் இருவரும் சௌக்கியம். உன் இடுப்பு வலியைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே, ஏன்? வலி போய்விட்டதா, அல்லது நான் கவலைப்படுவேன் என்று மறைக்கிறாயா? பாலைவனத்தில் பகலெல்லாம் வெயில், ராத்திரி எலும்பு உறைகிற குளிர் என்கிறார்கள். நான் வைத்தனுப்பிய கம்பளி பனியனைக் கழற்றாதே.

உன் கடித உறையை யாரோ பிரித்து மறுபடி ஒட்டியிருந்தார்கள். முகாம் ஆபீசில் எல்லாக் கடிதத்தையும் படிக்கிறார்களாம், அத்தீலியோவின் பெண்டாட்டி ரொசௌரா சொன்னாள். அவள் புருஷன்தானே உன் பக்கத்துக் கட்டிலில் படுக்கிறான், அவளுக்குத் தெரியாதா. படிக்கட்டும். படிக்கிற ஐயாவுக்கு என் வணக்கம். எங்கள் தெருவில் வெங்காயம் விலை ஏறிவிட்டது, இதைத் தவிர எங்களிடம் ரகசியம் ஒன்றும் இல்லை.

பணம் போதுமா என்று கேட்டிருந்தாய். போதும். நீ அனுப்புவதில் வாடகை, ரொட்டி, எல்சீராவின் பள்ளிச் செலவு எல்லாம் போய்க் கொஞ்சம் மிஞ்சவும் செய்கிறது. பிப்ரவரியில் மாட்டிய கேஸ் சிலிண்டர் இன்னும் ஓடுகிறது என்றால் பார்த்துக்கொள். பக்கத்துப் பெண்கள் ஒரு வித்தை சொல்லிக் கொடுத்தார்கள். காலையில் பயறைக் கொஞ்ச நேரம் கொதிக்கவிட்டு, பானையைப் பழைய செய்தித்தாளிலும் கம்பளியிலும் சுற்றி, வைக்கோல் திணித்த மரப்பெட்டிக்குள் வைத்து மூடிவிட வேண்டும். மத்தியானம் திறந்தால் வெந்திருக்கும். சூனியக்காரிப் பானை என்று பேர். உன் பெண்டாட்டி இப்போது சூனியக்காரியும் ஆகிவிட்டாள்.

உடம்பைப் பார்த்துக்கொள். செப்டம்பர் லீவுக்கு வருவாய் என்று எல்சீரா இப்போதே காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருக்கிறாள்.

முத்தங்களுடன்,
உன் நெல்டா

அப்பா, நான் எல்சீரா. லௌதாரோ மாமா என்னை மூணு சக்கர வண்டியில் உட்கார வைத்துத் தெருவைச் சுற்றிக் கூட்டிப்போனார். அவர் உருளைக்கிழங்கு மூட்டையை ஒரே கையால் தூக்குகிறார். உங்களால் முடியுமா?


கலாமா, சுரங்க முகாம்
24 ஏப்ரல் 1983

என் செல்ல நெல்டாவுக்கு,

இடுப்பு வலி இருக்கிறது. மறைக்கவில்லை, மறந்துவிட்டேன். இங்கே எதற்குத்தான் நேரம் இருக்கிறது, சொல்.

இங்கே சம்பள நாள் ஒரு கூத்து. சாப்பாட்டுக் கொட்டகையில் ஆளாளுக்கு வீட்டுக் கடிதத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு புலம்புவார்கள். "என் பொண்டாட்டி எண்ணெய் இல்லங்கறா", "என் பொண்டாட்டி ரொட்டிக்கடைக்காரன் கடன் தரமாட்டேங்கறான்னு அழறா". நான் மட்டும் உன் கடிதத்தைப் படித்துவிட்டுச் சும்மா இருந்தேன். அத்தீலியோ விடுவானா? "என்னடா, உன் வீட்ல என்ன கேட்டிருக்காங்க?" என்றான். ஒன்றும் கேட்கவில்லை, போதும், மிச்சம் இருக்கு என்று எழுதியிருக்கிறாள் என்று பெருமையாகச் சொல்லித் தொலைத்தேன்.

கொட்டகையே என் பக்கம் திரும்பியது. சமையல்காரக் கிழவன் கரண்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னான்: "தம்பி, பணம் கேக்காத பொண்டாட்டி ரெண்டு வகை. ஒண்ணு, செத்துப் போனவ. இன்னொண்ணு..." அப்புறம் பேசாமல் என் தட்டில் சூப்பை ஊற்றினான். எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நானும் சிரித்தேன், நெல்டா. ஆனால் அன்று ராத்திரி சூப் செரிக்கவில்லை.

நானும் வீட்டில் இருந்தவன்தானே. சிலிண்டர் ஒரு மாதம்கூடத் தாங்காது. பெட்டிக்குள் வைத்து மூடினால் பயறு வேகுமா? யாரிடம் கதை விடுகிறாய்? அடுப்பு எரியவில்லை என்றால் வீட்டில் சமைக்கவில்லை என்று அர்த்தம். வீட்டில் சமைக்கவில்லை என்றால் நீங்கள் எங்கே சாப்பிடுகிறீர்கள்?

லௌதாரோ யார்? நான் இருந்தவரைக்கும் நம் தெருவில் அப்படி ஒரு மாமா கிடையாது. ஒரு கையால் மூட்டை தூக்குகிற அளவுக்கு அவனுக்கு நம் வீட்டில் என்ன வேலை?

இன்னொரு விஷயம். கம்பெனியில் கெட்ட செய்தி. எங்கள் சம்பளத்தைப் பாதியாகக் குறைத்துவிட்டார்கள். இந்த மாதம் பாதிப் பணம்தான் அனுப்புகிறேன். எப்படிச் சமாளிக்கப் போகிறாய் என்று விவரமாக எழுது.

உன்,
ரமீரோ


சாந்தியாகோ
8 மே 1983

அன்புள்ள ரமீரோ,

பாதிச் சம்பளமா! அந்தக் கம்பெனிக்காரன் நாசமாய்ப் போக. (படிக்கிற ஐயா மன்னிக்கவும், உங்களையும் சேர்த்துத்தான் குறைத்திருப்பார்கள்.) நீ அதை நினைத்துக் குமையாதே. பாதி வந்தாலும் பட்டினி கிடக்க மாட்டோம், சமாளித்துக்கொள்கிறோம். நீ உன் சாப்பாட்டில் கை வைக்காதே, அது போதும்.

சமையல்காரக் கிழவனிடம் சொல், மூன்றாவது வகையும் ஒன்று உண்டு: புருஷன் படுகிற பாட்டைத் தெரிந்து, தெரிந்தே கேட்காதவள். அவனுக்கு அப்படி ஒருத்தி வாய்க்கவில்லை போலிருக்கிறது, பாவம்.

பயறு வேகிறது. நம்பாவிட்டால் நீயே ஒருநாள் செய்து பார்.

லௌதாரோ மூன்று சக்கர வண்டி வைத்துச் சாமான் ஏற்றுகிறவர். இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கிறார், சென்ற வருஷம் வந்தவர். சாமான் கொண்டுவந்து இறக்குவார், அவ்வளவுதான். மற்றதை நீ வந்ததும் நேரில் சொல்கிறேன். எல்லாவற்றையும் கடிதத்தில் எழுத முடியாது, ரமீரோ. உனக்குப் புரியும் என்று நினைக்கிறேன்.

நேற்று மழை. கூரையில் நீ தார் பூசிய இடம் ஒழுகவில்லை, பூசாமல் விட்ட இடம்தான் ஒழுகியது. எல்சீரா வாளியை வைத்துவிட்டு, "அப்பா இருந்தா மேல ஏறி, நாலு கெட்ட வார்த்தை சொல்லிட்டு அடைச்சிருப்பாரு" என்றாள். இரண்டு பேரும் சிரித்தோம்.

முத்தங்களுடன்,
உன் நெல்டா


கலாமா
29 மே 1983

நெல்டாவுக்கு,

நேரில் சொல்கிறேன், நேரில் சொல்கிறேன். நேரில் சொல்கிறவரைக்கும் நான் இங்கே பாறையை உடைத்துக்கொண்டு என்னத்தை நினைத்துக்கொள்வது?

மூலைக்கடை பாசிலியோ எனக்குக் கடிதம் போட்டிருக்கிறார். அவர் எழுதியதை அப்படியே தருகிறேன்: "தம்பி, உங்க வீட்டம்மா மூணு மாசமா என் கடையில ஒரு டம்ளர் எண்ணெய்கூட வாங்கல. முன்னெல்லாம் தெனம் ரெண்டு தடவ வருவாங்க. கடனாத் தரேன்னு கூப்பிட்டும் வரல. ஆனா வீட்ல சாப்பாடு நடக்குது, பொண்ணு நல்லாத்தான் இருக்கா. எப்படின்னு நீங்களே யோசிச்சுக்கோங்க. ஒரு சனிக்கெழம விட்டு ஒரு சனிக்கெழம உங்க வீட்டுக்குள்ள ஆளுங்க போறாங்க. போனதும் திரைய இழுத்து விட்டுடறாங்க. அந்த மூணு சக்கர வண்டி பொழுது சாயற வரைக்கும் வாசல்லதான் நிக்குது. ஏதோ உங்க நல்லதுக்குச் சொல்றேன்."

இதற்கு என்ன சொல்கிறாய்? அவன் சாமானை இறக்க ஒரு பகல் முழுக்க ஆகுமா? திரை எதற்கு?

என் சொந்த அக்காவுக்கு எழுதிக் கேட்டேன். பெர்த்தா பக்கம் பக்கமாக எழுதுகிறவள். இந்தத் தடவை ஒரே வரி: "உன் பெண்டாட்டியை நம்பு, நம்ப முடியாவிட்டால் வந்து பார்." என் அக்காவையும் நீ உன் பக்கம் இழுத்துவிட்டாய். அவள் வீட்டுக்காரருக்கும் வேலையில்லை. இரண்டு வீட்டுக்குமாக யார் படியளக்கிறார்கள்?

பாதிப் பணத்தில் முழுக் குடும்பமும் நடக்கிறது. நான் அனுப்பிய முழுப் பணத்திலும் இதே குடும்பம்தான் நடந்தது. அப்படியானால் மீதியை யார் போடுகிறார்கள் என்று ஒரு குழந்தைக்குக்கூடக் கேட்கத் தோன்றும்.

இந்த மாதம் சம்பளமே தரவில்லை. பணம் வராது. இதையும் சமாளிக்கிறோம் என்று எழுதிவிடாதே.

ரமீரோ


சாந்தியாகோ
12 ஜூன் 1983

ரமீரோவுக்கு,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். முதல் முறை அழுகை வந்தது. இரண்டாம் முறை கோபம் வந்தது. மூன்றாம் முறை ரொசௌராவின் வீட்டுக்குப் போனேன்.

அவள் மகனுக்குப் புது ஷூ வாங்கியிருந்தாள். "ஏன் ரொசௌரா, பாதிச் சம்பளத்துல ஷூ வாங்கினியா?" என்று கேட்டேன். "பாதியா? எந்தப் பாதி?" என்றாள். அத்தீலியோவின் மணியார்டர் ஏப்ரலிலும் முழுசாக வந்திருக்கிறது, மே மாதமும் முழுசாக வந்திருக்கிறது. அவளே குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ரெண்டு பேரும் ஒரே ஷிப்டு, ஒரே கங்காணி. உன் வீட்டுக்காரருக்கு மட்டும் எப்படிப் பிடிப்பாங்க?" என்றாள். அப்புறம் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையை நீ பார்த்திருக்க வேண்டும். அப்படியொரு இரக்கத்தை என் எதிரிமேல்கூட யாரும் காட்டக் கூடாது.

இப்போது நான் கேட்கிறேன். உன் பணம் எந்தப் பாவாடை நாடாவில் முடிந்து கிடக்கிறது? கலாமாவில் சம்பள நாளில் திறக்கிற வீடுகளைப் பற்றி எங்களுக்குத் தெரியாது என்று நினைத்தாயா? என் வீட்டுத் திரையை இவ்வளவு தூரத்திலிருந்து எண்ணுகிறவனே, உன் பக்கத்துத் திரைக்குப் பின்னால் எவள் இருக்கிறாள்? பேர் என்ன? அவளாவது கேட்டு வாங்குகிறாளா?

பாசிலியோ எழுதினாராம்! காகிதத்தில் மடித்துத் தருகிற ஒரு பிடி சர்க்கரைக்குக் கட்டைவிரலையும் சேர்த்து எடை போடுகிறவர். ஒரு டம்ளர் எண்ணெயை நுரையோடு ஊற்றிக் காசு வாங்குகிறவர். அவர் கடைக்கு நான் போகாதது அவருக்கு நெஞ்செரிச்சல். அந்த நெஞ்செரிச்சலுக்கு நீ மருந்து குடிக்கிறாய்.

லௌதாரோ பெண்டாட்டியை இழந்தவர், நாற்பது வயது, பார்க்க நன்றாக இருப்பார். மறைக்க ஒன்றுமில்லை. ஒருநாள், "புருஷன் எப்ப வராரு?" என்று கேட்டார். "செப்டம்பரில்" என்றேன். அதன் பிறகு கேட்கவில்லை. உன்னிடம் இவ்வளவு சுத்தமாகச் சொல்ல ஏதாவது இருக்கிறதா?

அத்தீலியோ அடுத்த வாரம் லீவில் வருகிறானாம். அவன் முகத்துக்கு நேராகக் கேட்கப் போகிறேன். அதற்கு முன் நீயே உண்மையை எழுதினால் நல்லது.

நெல்டா


கலாமா
3 ஜூலை 1983

என் உயிரே, என் நெல்டா,

அத்தீலியோ நேற்று திரும்பி வந்தான். பையைக் கீழே வைப்பதற்கு முன்னால் என் பிடரியில் ஓர் அடி வைத்தான். "மடையா, உன் பொண்டாட்டி வீட்ல என்ன நடக்குது தெரியுமா? தரை பூரா வெங்காயம். பொம்பளைங்க உக்காந்து பிரிக்கறாங்க, தராசுல போடறாங்க. நானே ரெண்டு மூட்டை தூக்கினேன். அந்தச் சூனியக்காரிப் பானைப் பயறையும் சாப்பிட்டேன், நல்லா வெந்திருந்துச்சு" என்றான். மீதியை இங்கே எழுத மாட்டேன், ஏனென்று உனக்கே தெரியும். ஆனால் எல்லாம் சொன்னான்.

வெங்காயம்! இதற்காகவா நான் தூங்காமல் கிடந்தேன்! கட்டிலில் படுத்து எனக்கு நானே சிரித்தேன். சமையல்காரக் கிழவனிடம் போய், "மூணாவது வகை இருக்குய்யா, என் வீட்லதான் இருக்கு" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். எந்தப் பாவாடையும் இல்லை, நெல்டா. என் தாய் மீது சத்தியம். கம்பெனி சம்பளத்தைக் குறைக்கவே இல்லை. நிறுத்தவும் இல்லை. ஒரு காசு செலவழிக்காமல் என் மெத்தைக்கு அடியில் தகர டப்பாவில் பூட்டி வைத்திருந்தேன். நீ சும்மா சும்மா போதும், போதும் என்று எழுதியதும் எனக்கு ஒரு யோசனை வந்தது. பாதி அனுப்பிப் பார்ப்போம், கேட்கிறாளா என்று பார்ப்போம். நீ கேட்கவில்லை. சரி, ஒன்றுமே அனுப்பாமல் பார்ப்போம் என்று நினைத்தேன். வேறு யாராவது போடுகிறார்கள் என்றால் அப்போது வெளியே வந்துவிடும் அல்லவா? அப்படித்தான் யோசித்தேன். முட்டாள்தனம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தூரத்தில் கிடக்கிற மனுஷன் வேறு என்ன செய்வான்?

நீ பரீட்சையில் பாஸாகிவிட்டாய், அதுவும் முதல் வகுப்பில்! பிடித்து வைத்திருந்த எல்லாவற்றையும் இந்த மாதச் சம்பளத்தோடு சேர்த்து ஒரே மணியார்டராக அனுப்பியிருக்கிறேன். தபால்காரர் கையெழுத்துக் கேட்கும்போது தொகையைப் பார்த்து மயங்கி விழாதே. உனக்கு ஒரு கோட்டு எடு. எல்சீராவுக்கு ஷூ எடு, ரொசௌரா மகனுடையதைவிட நல்லதாக எடு. மிச்சமிருந்தால் கறி வாங்கி, பெர்த்தா அக்காவையும் கூப்பிட்டுச் சாப்பிடுங்கள்.

செப்டம்பரில் ஓடி வருகிறேன். கூரையை அடைக்கிறேன், கெட்ட வார்த்தை சொல்லாமல்.

ஆயிரம் முத்தங்களுடன்,
உன் முட்டாள் ரமீரோ


சாந்தியாகோ
17 ஜூலை 1983

ரமீரோ,

இந்தக் கடிதம் தபாலில் வரவில்லை. ரொசௌராவின் தம்பி லாரியில் வடக்கே வருகிறான், உன் கையில்தான் தர வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். அதனால் முதல் தடவையாக எல்லாவற்றையும் எழுதுகிறேன்.

நாங்கள் பதினெட்டு வீடு. பதினைந்து நாளைக்கு ஒரு தடவை வெள்ளிக்கிழமை எல்லோரும் பங்குப் பணம் போடுவோம். மறுநாள் விடிவதற்கு முன்னால் இரண்டு பெண்களும் லௌதாரோவும் வேகா மொத்தச் சந்தைக்குப் போய் மூட்டையாக வாங்கி வருவார்கள். சனிக்கிழமை நம் வீட்டில் வைத்துப் பிரிப்போம், ஏனென்றால் எங்கள் பக்கத்தில் நம் வீட்டில் மட்டும்தான் சிமெண்ட் தரை. நீ போட்ட தரை. பாசிலியோவின் விலையில் ஏறக்குறைய பாதியில் முடிந்துவிடும். நான் மிச்சம் பிடித்த ரகசியம் இதுதான். திரையை இழுத்து விடுவது போலீஸ் வண்டி சுற்றுவதால். பதினெட்டுப் பேர் சேர்ந்து வெங்காயம் எடை போட்டால் ராணுவம் ஆள்கிற இந்த நாட்டில் அது சட்டவிரோதக் கூட்டம். உன் ஆபீசில் கடிதத்தைப் படிக்கிறவனுக்கு அது தெரிந்தால் உன் வேலை போய்விடும் என்றுதான் எழுதவில்லை. பெர்த்தாவும் அதனால்தான் ஒரே வரியில் நிறுத்தினாள்.

இன்னொரு காரணமும் உண்டு. தேவாலயத்தில் இல்லாதவர்களுக்காகப் பொதுப்பானை வைத்து ஆக்கிப்போட ஆரம்பித்தபோது நீ என்ன சொன்னாய்? "என் பொண்டாட்டி பாத்திரத்தைத் தூக்கிட்டுப் போய் நாலு பேரோட நின்னா, நான் செத்ததுக்குச் சமம்" என்றாய். நீ சாகக் கூடாது என்று நான் மறைத்தேன். அது என் தப்பு. அதைத் தாராளமாகத் திட்டு, கேட்டுக்கொள்கிறேன்.

இப்போது உன் பரீட்சை நடந்த கதையைக் கேள்.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. யாரிடமாவது பங்குப் பணம் இல்லை என்றால் மற்ற வீடுகள் சேர்ந்து போட்டுவிடும். ஏன் இல்லை என்று யாரும் கேட்கக் கூடாது. பாதிப் பணம் வந்த மாதம் என் பங்கில் பாதிதான் போட்டேன். அப்புறம் ஒன்றுமே போட முடியவில்லை. எடை போடுகிற சுனில்தா என் முகத்தைப் பார்க்கவில்லை, "நெல்டா, பையை விரிச்சுப் பிடி" என்று மட்டும் சொல்லி எல்லோருக்கும் போட்ட அளவையே எனக்கும் போட்டாள். நானாகத்தான் சொன்னேன், கம்பெனிக்காரன் உன்னை ஏமாற்றுகிறான் என்று. எல்லோரும் சேர்ந்து உன் கம்பெனியைச் சபித்தார்கள். உன் அக்கா தேவாலயத்தில் உன் பெயருக்கு மெழுகுவத்தி ஏற்றினாள். அவள் வீட்டுக்காரருக்கு வேலையில்லை என்று நீயே எழுதியிருந்தாயே, அவளும் என் பங்குக்குப் போட்டாள்.

ஆளுக்குக் கொஞ்சமாகச் சேர்த்து ஒரு பொதுப்பணம் வைத்திருந்தோம். குளிர்காலத்தில் எண்ணெய் விலை ஏறும், அதற்கு முன்னால் ஒரு பெரிய பீப்பாயாக வாங்கிவிட வேண்டும் என்று போன நவம்பரிலிருந்து சேர்த்தது. என் பங்கையும் ஒரு மாத வாடகையையும் அடைத்ததில் அது கரைந்துவிட்டது. ஜூன் கடைசியில் எண்ணெய் விலை ஏறியது. இன்றைக்குப் பதினெட்டு வீட்டுப் பெண்களும் பாசிலியோவின் கடையில் டம்ளர் டம்ளராக எண்ணெய் வாங்குகிறோம். அவர் நுரையோடு ஊற்றுகிறார், வாய் நிறையச் சிரிக்கிறார். உன் மணியார்டர் அந்தப் பழைய விலையைத் திருப்பிக் கொண்டுவராது.

எல்சீராவைப் பற்றிச் சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன். சாயங்காலம் ரொட்டியைப் பிட்டு வைத்தால், "எனக்குப் பசிக்கலம்மா, ஸ்கூல்லயே சாப்பிட்டேன்" என்பாள். பள்ளியில் ஒன்றும் தருவதில்லை என்று அப்புறம் தெரிந்துகொண்டேன். என் பங்கு ரொட்டி எனக்குப் போதவில்லை என்று அவள் கண்டுபிடித்திருக்கிறாள். ஒன்பது வயசு. நான் உனக்குப் பொய் எழுதினேன், நீ எனக்குப் பொய் எழுதினாய், அவள் பார்த்துக் கற்றுக்கொண்டாள்.

உன் பணம் செவ்வாய்க்கிழமை வந்தது. மயங்கி விழவில்லை. சனிக்கிழமை எல்லோரும் வந்ததும் உன் கடிதத்தைப் படித்தேன், முத்தங்களை விட்டுவிட்டு. கம்பெனியைப் பற்றி நான் சொன்ன பொய்யை நானேதான் உடைத்துச் சொல்ல வேண்டும் இல்லையா? பெர்த்தா சமையல் ஏப்ரனால் முகத்தை மூடிக்கொண்டாள். நான் பணத்தை மேஜையில் வைத்து, "இது உங்களுது" என்றேன். சுனில்தா அவர்கள் போட்ட பங்கையும் கரைந்த பொதுப்பணத்தையும் மட்டும் எண்ணி எடுத்துக்கொண்டு மீதியை என் பக்கம் தள்ளினாள். அதிகம் ஒரு காசு எடுக்கவில்லை. அப்புறம் லௌதாரோ, "வெங்காயம் காத்துக்கிட்டு இருக்கு, பிரிக்கலாமா?" என்றார். பிரித்தோம்.

மீதியில் வாடகை பாக்கியைக் கட்டினேன், எல்சீராவுக்கு ஷூ வாங்கினேன். கோட்டு எடுக்கவில்லை. உன் பணத்தில் எடுத்த கோட்டைப் போட்டுக்கொண்டு அந்தப் பெண்கள் நடுவில் எப்படி உட்காருவேன்?

செப்டம்பரில் வா. எல்சீரா உன்னைப் பார்க்க வேண்டும், காலண்டர் வட்டத்தை நான் அழிக்கவில்லை. ஆனால் பெர்த்தா வீட்டில் தங்கிக்கொள். அவளிடம் கேட்டுவிட்டேன். "என் தம்பிதான், தெருவுல விட மாட்டேன். ஆனா அவன் மூஞ்சியப் பார்த்துப் பேச மாட்டேன்" என்றாள். பிள்ளைக்கு அனுப்புவதை இனி அவள் பேருக்கே அனுப்பு. பாதி அனுப்பினாலும் சரி, முழுசாக அனுப்பினாலும் சரி, நான் கேட்க மாட்டேன்.

வேறு யாரும் இல்லை. இதை நீ நம்புவாயா மாட்டாயா என்பது இனி என் கவலை இல்லை. யாரிடம் வேண்டுமானாலும் எழுதிக் கேட்டுக்கொள், பாசிலியோ உடனே பதில் போடுவார்.

நான் பாஸாகிவிட்டேன் என்று எழுதியிருக்கிறாய். பரீட்சை நடப்பதே எனக்குத் தெரியாது, ரமீரோ. நான் உன்னோடு குடும்பம் நடத்திக்கொண்டிருக்கிறேன் என்றுதான் நினைத்திருந்தேன்.

நெல்டா